கரண்ட் வந்ததும் யார் முதலில் எழுவது?

கதவுக்குப் பின்னால், கண் மட்டத்தில், ஓர் ஏ4 தாள் செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. நீலப் பேனாவில் நான்கு வரிகள்.

"1. நாஸ் பெட்டியில் பச்சை லைட் வரும் வரை நிற்கவும். 2. டேட்டாபேஸ் ஸ்டார்ட். 3. இரண்டு நிமிடம் கழித்து லேப் சாஃப்ட்வேர். 4. கடைசியில் மெஷின் லிங்க்."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், சிவப்பு மையில்: "மாற்றிப் போட்டால் ரிப்போர்ட் வராது."

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையம் அது. சர்வர் இருக்கும் அறை முன்பு ஸ்டோர் ரூம். இப்போதும் ஒரு பக்கம் பஞ்சுப் பெட்டிகளும் ஊசிப் பெட்டிகளும்தான். மறுபக்கம் இரும்பு ரேக். கீழ்த்தட்டில் யூபிஎஸ், நடுவில் சர்வர், மேலே நெட்வொர்க் சுவிட்ச், அதன் பக்கத்தில் ரிப்போர்ட்டுகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி. கணினிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் என்னை வரச் சொல்லியிருந்தார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கரண்ட் போயிட்டு வந்தா சர்வர் ஆன் ஆயிருதுண்ணே. ஆனா உள்ள இருக்கறது எதுவும் ஒழுங்கா எந்திரிக்க மாட்டேங்குது."

பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் அந்தப் பகுதியில் மின்சாரம் நிற்கும். அன்றைக்கு மட்டும் தம்பி லீவு போட முடியாது. போன மாதம் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்குப் போய்விட்டார். கரண்ட் வந்தபோது, கதவிலிருந்த தாளைப் போனிலேயே வரிவரியாகச் சொல்லி, வரவேற்பில் இருக்கும் பெண்ணை வைத்து சர்வரை எழுப்பியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் பொட்டாசியம் அளவுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்ததாம். டெக்னீஷியன் அக்கா மெஷின் திரையைப் பார்த்து, எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். "கை நடுங்குச்சு சார், தப்பா எழுதிட்டா என்ன ஆகும்?" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு லேப் மூடிவிடும். நான் போனது அதற்காகத்தான். நாங்களே கரண்டைப் பிடுங்கி, எது எப்படி எழுகிறது என்று கண்ணால் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். முதலில் டேட்டாபேஸை முழுதாக ஒரு வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்தோம். அந்த பேக்கப்பைத் தம்பியின் லேப்டாப்பில் திரும்ப ஏற்றி, நேற்றைய தேதியில் ஒரு நோயாளியின் பதிவு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

12:50. மெயின் சுவிட்சை இறக்கினோம், யூபிஎஸ்-ஐயும் அணைத்தோம். அறையில் விசிறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. இரண்டு நிமிடம் கழித்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டோம். நிஜத்தில் கரண்ட் வருவதும் அப்படித்தானே. எந்தப் பெட்டிக்கும் தனியாக முன்னுரிமை கிடைப்பதில்லை.

கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தேன். சர்வர் 40 விநாடியில் லாகின் கேட்டது. நெட்வொர்க் சுவிட்ச்சின் விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்ட ஒன்றரை நிமிடம். நாஸ் பெட்டி டிஸ்க்கைச் சரிபார்த்து பச்சை விளக்குக் காட்ட நான்கு நிமிடத்துக்குப் பக்கம். பாதிப் பிரச்சினை இந்த மூன்று எண்களிலேயே இருந்தது. ரேக்கில் மிக வேகமானது சர்வர்தான். அது நம்பியிருக்கும் இரண்டு பெட்டிகளும் அதைவிட மெதுவானவை.

அது உபுண்டு 22.04 சர்வர். இன்றைய பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களைப் போல இதிலும் எல்லாச் சர்வீஸ்களையும் எழுப்புவது சிஸ்டம்டி. எவையெல்லாம் தோற்றன என்று கேட்டதும் மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தன: லேப் சாஃப்ட்வேர், மெஷின் லிங்க், நாஸ் பெட்டியை இணைக்கும் மவுண்ட். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் மட்டும் பச்சை. "பாருங்கண்ணே, டேட்டாபேஸ் நல்லாத்தான் இருக்கு. லேப் சாஃப்ட்வேர்தான் ஏன் எந்திரிக்கலன்னு தெரியல" என்றார் தம்பி.

லேப் சாஃப்ட்வேரின் யூனிட் ஃபைலைத் திறந்தோம். ஒரு சர்வீஸை எப்படி எழுப்புவது, அதற்கு யார் யார் தேவை என்று எழுதி வைக்கும் சின்ன உரைக் கோப்பு அது. மென்பொருள் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. அதில் டேட்டாபேஸைப் பற்றி ஒரே ஒரு வரி: ரிக்வயர்ஸ், போஸ்ட்கிரெஸ்.

இதைப் படிக்கிற எவருக்கும் 'போஸ்ட்கிரெஸ் எழுந்த பிறகு இது எழும்' என்றுதான் தோன்றும். சிஸ்டம்டி அப்படிப் படிப்பதில்லை. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு இலை வேண்டும் என்பது ஒரு வாக்கியம். இலை போட்ட பிறகுதான் சோறு என்பது வேறொரு வாக்கியம். ரிக்வயர்ஸ், வான்ட்ஸ் இரண்டும் முதல் வகை: எனக்கு இது வேண்டும், என்னோடு சேர்த்து இதையும் எழுப்பு. ஆஃப்டர் இரண்டாவது வகை: இதற்குப் பிறகு நான். முதலாவதை மட்டும் எழுதினால் இலையும் சோறும் ஒரே நேரத்தில் வந்து விழும். இரண்டாவதை மட்டும் எழுதினால், இலை போடுகிறார்கள் என்றால் அதற்குப் பிறகு சோறு. இலையே போடாவிட்டால் சோறு தன்பாட்டுக்கு வந்துவிடும். இரண்டையும் எழுத வேண்டும். நான் பார்க்கும் சர்வர்களில் அடிக்கடி காண்கிற தவறு இது.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இப்படி இரண்டு வாக்கியம் கிடையாது. சென்ட்ஓஎஸ் 5-இல் ஒரு டைரக்டரிக்குள் போனால் எஸ்10 என்று நெட்வொர்க் இருக்கும், எஸ்64 என்று டேட்டாபேஸ், எஸ்85 என்று வெப் சர்வர். எண் வரிசையில் ஒவ்வொன்றாக எழும்; ஒன்று முடிந்துதான் அடுத்தது. நிறுத்தும்போது நெட்வொர்க்குக்கு 90, டேட்டாபேஸுக்கு 36, வெப் சர்வருக்கு 15. கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஜோடியும் 100. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதற்கு அந்த எண் கணக்குதான் வழி. எளிமையான ஏற்பாடு; ஆனால் 64 ஏன் 85-க்கு முன்னால் என்ற காரணம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. 2010 ஏப்ரல் 30 அன்று லெனார்ட் போட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தபோது முன்வைத்த மாற்றம் முக்கியமானது: எண்ணை விடுங்கள், யாருக்கு யார் வேண்டும் என்று சொல்லுங்கள், ஒன்றையொன்று சாராதவை எல்லாம் ஒரே நேரத்தில் எழட்டும். 2011-இல் ஃபெடோரா 15, 2014-இல் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015-இல் டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் அந்த வழிக்கு வந்தன. வேகம் கிடைத்தது. அதோடு ஒரு கடமையும் வந்தது. காரணத்தை எழுதாவிட்டால், முன்பு எண் வரிசையால் தற்செயலாகக் கிடைத்த ஒழுங்கும் இப்போது கிடைக்காது.

கதவிலிருந்த தாள் அந்தப் பழைய எண் வரிசைதான். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். காரணங்களும் அவரோடு போய்விட்டன.

ஆஃப்டர் வரியைச் சேர்ப்பதற்கு முன் லாக்கைப் படித்தோம். லேப் சாஃப்ட்வேர் எழுந்திருக்கிறது, டேட்டாபேஸைத் தட்டியிருக்கிறது. இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறேன், பொறு என்ற பொருளில் போஸ்ட்கிரெஸ் பதில் சொல்லியிருக்கிறது. திடீரென்று கரண்ட் போனால், அடுத்த முறை எழும்போது போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டை எடுத்து, பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அதற்குச் சில விநாடிகள் ஆகலாம், சில நேரம் நிமிடங்களும் ஆகலாம். அந்தப் பதிலைக் கேட்டதும் லேப் சாஃப்ட்வேர் செத்துவிழுந்தது.

விழுந்தால் மறுபடி எழுப்பு என்று அதன் யூனிட் ஃபைலில் எழுதித்தான் இருந்தது. பிறகு ஏன் எழவில்லை? அந்த லாக்கில் நேரத்தோடு ஐந்து வரிகள் இருந்தன. தம்பியை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முதல் வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் இடையே ஆறே விநாடி. எத்தனை விநாடி விட்டு எழுப்ப வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடிதான் விடும். விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால், இது தேறாது என்று முடிவு கட்டி அதோடு விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ் எழ 11 விநாடி ஆகியிருந்தது. லேப் சாஃப்ட்வேர் தன் ஐந்து உயிரையும் அதற்கு முன்பே தீர்த்துவிட்டது. ஐந்து விநாடி பொறுத்திருந்தால் அன்று ஒன்றரை மணி நேரம் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதுக்காகத்தான் இரண்டு நிமிஷம்னு எழுதியிருக்காரா?" என்றார். ஆமாம். தாளில் இருந்த 'இரண்டு நிமிடம் கழித்து' என்பது இந்த 11 விநாடிக்கான ஊகம்.

இடைவெளியை 10 விநாடி ஆக்கினோம். 10 விநாடிக்கு ஒரு முறை எழுந்தால், 10 விநாடிக்குள் ஐந்து என்ற எல்லையைத் தொடவே முடியாது. பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது அந்தப் பச்சைப் புள்ளி. டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் தெரியும் சர்வீஸ் உண்மையில் ஒரு குடை. எதையும் ஓட்டாது. வேலை முடிந்து வெளியேறிவிட்டது என்று பச்சையில் காட்டிக்கொண்டு நிற்கும். நிஜ டேட்டாபேஸ் அதன் கீழே 14-மெயின் என்ற பெயரோடு தனி சர்வீஸாக ஓடுகிறது. உள்ளே இருப்பது விழுந்துகிடந்தாலும் குடை பச்சையாகவே இருக்கும். தம்பி இத்தனை நாளும் குடையைப் பார்த்துத்தான் டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்தார். ஆஃப்டர் வரியில் நிஜ சர்வீஸின் பெயரை எழுதினோம். அதோடு லேப் சாஃப்ட்வேர் எழும் முன் போஸ்ட்கிரெஸிடமே தயாரா என்று கேட்கும் ஒரு வரியும் சேர்த்தோம். அதற்கென்றே பிஜி-இஸ்ரெடி என்ற சின்னக் கருவி அதனுடன் வருகிறது. தயார் என்றால் 0, இன்னும் எழுகிறேன் என்றால் 1, பதிலே இல்லை என்றால் 2. 0 வந்தால் மேலே போகும். மற்றதென்றால் 10 விநாடி கழித்து மறுபடி கேட்கும்.

தொடங்கிவிட்டது என்பதும் தயார் என்பதும் ஒன்றல்ல. அடுப்பைப் பற்ற வைத்ததும் சாப்பாடு தயார் என்று யாரும் இலை போடுவதில்லை. ஆனால் யூனிட் ஃபைலில் வகை என்ன என்று நாம் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி எளிய வகையாக எடுத்துக்கொள்ளும். புராசஸைக் கிளப்பிவிட்ட நொடியிலேயே 'எழுந்தது' என்று கணக்கு வைக்கும். அதற்குப் பின்னால் நிற்பவரும் உடனே கிளம்பிவிடுவார். நோட்டிஃபை என்ற வகையில் அப்படி இல்லை. சர்வீஸே வாயைத் திறந்து தயார் என்று சொன்னால்தான் கணக்கு. லேப் சாஃப்ட்வேர் பைத்தானில் எழுதப்பட்டு கனிகார்ன் என்ற வெப் சர்வர் மேல் ஓடுகிறது. கனிகார்னுக்கு அப்படிச் சொல்லத் தெரியும். ஒரே சொல்லை மாற்றினோம். அதன் பின்னால் நிற்கும் மெஷின் லிங்க் அன்றுதான் முதல்முறையாக உண்மையான சொல்லுக்குக் காத்திருந்தது.

ரிக்வயர்ஸை வான்ட்ஸ் ஆக மாற்றினேன். தம்பி தயங்கினார்: "டேட்டாபேஸ் இல்லாம இது ஓடாதேண்ணே, அப்ப கட்டாயம்னுதானே இருக்கணும்?" நியாயமான கேள்வி. ரிக்வயர்ஸ் என்று எழுதினால், யாராவது டேட்டாபேஸை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப எழுப்பும்போது, லேப் சாஃப்ட்வேரும் சேர்ந்து நிற்கும். ஆனால் சேர்ந்து எழாது. கீழே இருப்பது திரும்பி வந்தும் மேலே இருப்பது படுத்தே கிடக்கும். வான்ட்ஸ், ஆஃப்டர், பொறுமையான மறுமுயற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதும் என்பது என் அனுபவம். கட்டாய உறவை நான் மிகச் சில இடங்களில்தான் எழுதுவேன்.

மெஷின் லிங்க் வேறு காரணத்தால் தோற்றிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கருவிகள் அனுப்பும் எண்களை வாங்கும் புரோகிராம் அது. சர்வரின் குறிப்பிட்ட ஐபி முகவரியில் காத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். எழுந்தபோது அந்த முகவரியே சர்வரிடம் இல்லை. கேபிளின் மறுமுனையில் சுவிட்ச் இன்னும் எழவில்லை. அது எழாமல் நெட்வொர்க் போர்ட்டுக்கு உயிர் வராது. உயிர் வராத போர்ட்டில் முகவரி ஏறாது. யூனிட் ஃபைலில் 'ஆஃப்டர் நெட்வொர்க்' என்று இருந்தது உண்மைதான். ஆனால் அது குறிக்கும் நெட்வொர்க் டார்கெட் என்ற மைல்கல், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எழுந்துவிட்டது என்று மட்டுமே சொல்லும். முகவரி ஏறி, பேசத் தயாராகிவிட்டது என்பதற்கு நெட்வொர்க்-ஆன்லைன் என்று தனி டார்கெட் இருக்கிறது.

அதை எழுதினோம். பயனில்லை, ஒரு விநாடிகூடக் காத்திருக்காமல் தாண்டிப் போனது. தேடிப் பார்த்தால், நெட்வொர்க் வரும் வரை காத்திருக்க வேண்டிய சர்வீஸையே யாரோ முடக்கி வைத்திருந்தார்கள். காரணமும் கண்ணெதிரே இருந்தது: சர்வரின் பின்னால் இரண்டு நெட்வொர்க் போர்ட், ஒன்றில்தான் கேபிள். கேபிளில்லாத போர்ட்டுக்காகவும் சேர்த்து ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் காத்திருந்திருக்கும். பார்த்தவருக்கு எரிச்சல்; அணைத்துவிட்டார். அந்தப் போர்ட் கட்டாயமில்லை என்று, உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. அதைச் செய்தோம், முடக்கியதை எடுத்தோம். தம்பி ஒரு துண்டு டேப்பில் "காலி, தொடாதே" என்று எழுதி அந்தப் போர்ட்டின் மேல் ஒட்டினார்.

இனி நாஸ். அந்தச் சிவப்பு மை வரிக்கு இங்கேதான் விளக்கம் கிடைத்தது.

ரிப்போர்ட் பிடிஎஃப்கள் எல்லாம் ஒரே டைரக்டரிக்குள் போகும். நாஸ் இணைந்திருந்தால் அந்த டைரக்டரி நாஸ் பெட்டியின் உள்ளே இருக்கும். இணையாவிட்டால்? டைரக்டரி அப்படியே இருக்கும். ஆனால் சர்வரின் சொந்த டிஸ்க்கில் வெறும் காலி டைரக்டரியாக. லேப் சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரியாது, அதிலேயே எழுதும். அரை மணி நேரம் கழித்து யாராவது நாஸை இணைத்தால், அது அந்த டைரக்டரியின் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி வந்து உட்காரும். கீழே எழுதியதெல்லாம் மறைந்துவிடும். அழியாது, தெரியாது, அவ்வளவுதான். பச்சை லைட் வரும் முன் அவசரப்பட்டு மூன்றாவது வரியைச் செய்தவர்களுக்கு நடந்தது இதுதான். மாற்றிப் போட்டால் ரிப்போர்ட் வராது.

"அப்ப அதெல்லாம் இன்னும் அடியில இருக்குமாண்ணே?" என்றார் தம்பி. பார்த்துவிடுவோம் என்றேன். சர்வரின் மூல டிஸ்க்கை வேறோரிடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால், மேலே விரித்தது இல்லாமல் அடியில் இருப்பது தெரியும். செய்தோம். 43 பிடிஎஃப்கள். மிகப் பழையது போன வருடத் தீபாவளி வாரத்தில். தம்பி ஓடிப்போய் லேப்பின் டாக்டரம்மாவை அழைத்து வந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். "இந்தம்மாவை ரெண்டு தடவை வரச் சொன்னோம். ரிப்போர்ட் காணோம்னு என்கிட்ட சத்தம் போட்டுட்டுப் போனாங்க. அவங்க சொன்னது சரிதான்" என்றார். யாரையும் திட்டவில்லை. எல்லாவற்றையும் இடம் மாற்றித் தரச் சொல்லிவிட்டு, 43 பெயர்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்துக்கொண்டார்.

இந்த டைரக்டரி நிஜமாக இணைந்திருந்தால்தான் எழு என்று சொல்ல சிஸ்டம்டியில் ஒரே வரி போதும். எழுதினோம். 2:40-க்கு மறுபடி மெயினை இறக்கிப் பார்த்தோம். நாஸ் எழ நான்கு நிமிடம். மவுண்ட் 90 விநாடி முயன்று பார்த்துத் தோற்றது. அதைச் சார்ந்த லேப் சாஃப்ட்வேரும் எழவில்லை. விழுந்தால் எழுப்பு என்று சொல்லியிருந்தோமே? அது தானே எழுந்து விழுந்தால்தான். தான் சார்ந்தது தோற்றதால் எழும் வாய்ப்பே கிடைக்காமல் போனால், மறுமுயற்சி கிடையாது. இது பலருக்குத் தெரியாத இடம். தப்பான இடத்தில் எழுதாது என்ற வகையில் முன்பைவிட நல்லதுதான். ஆனால் ஆள் வந்து கைவைக்க வேண்டும் என்றால் தாளைக் கதவிலிருந்து எடுக்க முடியாது.

வழியை மாற்றினோம். நாஸ் பெட்டியின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பு வைத்தோம். ஒன்றும் இல்லாத சின்னக் கோப்பு. யாராவது அந்த டைரக்டரியைத் தொடும்போது மட்டும் நாஸை இணைக்கும்படி ஆட்டோமவுண்ட் ஆக்கினோம். கட்டாய வரியை எடுத்துவிட்டு, லேப் சாஃப்ட்வேர் எழும் முன் அந்த அடையாளக் கோப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னோம். தெரியாவிட்டால் தோல்வி, 10 விநாடி கழித்து மறுபடி. இப்போது தோற்பது அதுவேதான் என்பதால் மறுமுயற்சியும் நடக்கும்.

இதற்கிடையே தம்பி தானாக ஒரு யூனிட் ஃபைல் எழுதிவிட்டார். எழுந்ததும் ஒரு பேக்கப் எடுக்க வேண்டும். மெஷின் லிங்க்குக்குப் பிறகு, லேப் சாஃப்ட்வேருக்கு முன்பு. மெஷின் லிங்க்கோ லேப் சாஃப்ட்வேருக்குப் பிறகுதான் எழும். வட்டம். கோப்புகளைச் சோதிக்கும் கட்டளையைப் போட்டதும் சிஸ்டம்டியே அதைச் சொல்லிவிட்டது. சொன்னதைக் கவனிக்காமல் விட்டால், பூட் ஆகும்போது வட்டத்தை உடைக்க ஏதாவது ஒரு சர்வீஸைத் தானே கழற்றிவிட்டு மேலே போகும். எதைக் கழற்றும் என்பதை நம்பி இருக்க முடியாது. மின்சாரத்திலும் இந்த வட்டம் உண்டு. அனல் மின் நிலையம் எழ பம்புகளுக்கும் நிலக்கரி அரைக்கும் மில்களுக்கும் மின்சாரம் வேண்டும். 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்கட்டங்கள் சரிந்து இருண்டபோது, தாமாக எழக்கூடிய நீர்மின் நிலையங்களிலிருந்தும் விழாமல் நின்ற பக்கத்து மின்கட்டங்களிலிருந்தும் மற்றவற்றுக்கு மின்சாரம் கொடுத்துத்தான் வட்டத்தை உடைத்தார்கள். யாரையும் சாராமல் எழக்கூடிய ஒருவர் எங்காவது இருக்க வேண்டும். பேக்கப்பை லேப் சாஃப்ட்வேருக்குப் பின்னால் தள்ளினோம்; வட்டம் போனது.

எல்லாம் எழும் வரிசையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அணையும் வரிசை? ஆஃப்டர் என்று எழுதியதெல்லாம் அணையும்போது தலைகீழாகும்: லிங்க் முதலில், லேப் சாஃப்ட்வேர் அடுத்து, டேட்டாபேஸ் கடைசி. பழைய 100 கணக்கு இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒழுங்காக அணையச் சொல்ல ஆள் வேண்டுமே. யூபிஎஸ்-இலிருந்து சர்வருக்குப் போக வேண்டிய யூஎஸ்பி கேபிள், யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. எடுத்து மாட்டி, பேட்டரி குறையும்போது சர்வர் தானே அணையும்படி நட் என்ற மென்பொருளை அமைக்க 20 நிமிடம் ஆனது. அன்று செய்ததில் மிக எளியது இதுதான். முன்பே செய்திருந்தால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாதமும் பதிவேட்டைத் தேடிக்கொண்டு எழ வேண்டியிருந்திருக்காது.

எழுதிய மாற்றங்கள் எதையும் மென்பொருளோடு வந்த கோப்பில் எழுதவில்லை. அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். சர்வரின் அமைப்புகள் இருக்கும் எட்சி டைரக்டரியில் தனிக் கோப்பாக வைத்தோம். ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழிலேயே காரணம் எழுதச் சொன்னேன். நாஸ் சோதனைக்கு மேலே தம்பி எழுதிய வரி: "நாஸ் எழ 4 நிமிடம் ஆகும். இது இல்லாமல் எழுதினால் ரிப்போர்ட் அடியில் போய்விடும். 43 போனது."

மாலை 4:30 வரை மேலும் மூன்று முறை கரண்டைப் பிடுங்கினோம். ஒருமுறை நாஸை மட்டும் வேண்டுமென்றே பத்து நிமிடம் தாமதமாகப் போட்டோம். ஒருமுறை சுவிட்சை. ஒவ்வொரு முறையும் லாக்கில் தட்டுவதும் காத்திருப்பதும் தெரிந்தது. கடைசியில் எல்லாம் பச்சை. யாரும் கீபோர்டைத் தொடவில்லை. டெக்னீஷியன் அக்கா பழைய சாம்பிள் ஒன்றைக் கருவியில் வைத்தார். எண் திரைக்கு வந்தது, ரிப்போர்ட் அச்சானது.

கதவிலிருந்த தாளை எடுக்கட்டுமா என்று தம்பி கேட்டார். ஒரு மாதம் இருக்கட்டும் என்றேன்.

அடுத்த மாதாந்திர மின்தடை ஒரு செவ்வாய்க்கிழமை. தம்பி அன்று லீவு போட்டுத் திருச்சி போயிருந்தார். மாலை அவர் அனுப்பிய செய்தியில் மூன்று நேரங்கள் இருந்தன. கரண்ட் வந்தது 2:07. லேப் சாஃப்ட்வேர் எழுந்தது 2:12. முதல் ரிப்போர்ட் அச்சானது 2:14.

உங்கள் பொறுப்பிலும் இப்படி ஒரு சர்வர் இருந்தால், பேக்கப் எடுத்துச் சரிபார்த்துவிட்டு, வேலையில்லாத ஒரு நாளில் நீங்களே அதன் கரண்டை நிறுத்தி, திரும்பப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள்.